தருமபுரி: பல்லுக்கு முன்னால் வயிறு சொல்லும் தண்ணீர்

தருமபுரி பேருந்து நிலையத்திலிருந்து பென்னாகரம் போகும் பேருந்து இண்டூர் தாண்டியதும் நிலத்தின் நிறம் மாறுகிறது. செம்மண் மெலிந்து, அடியிலிருக்கும் பாறை ஆங்காங்கே முதுகைக் காட்டுகிறது. சாலையின் இரு பக்கமும் புளியமரங்கள். அவற்றுக்கு அப்பால் ராகி, துவரை, கொள்ளு, கொஞ்சம் மரவள்ளி, கிணறு உள்ள இடங்களில் மஞ்சளும் தக்காளியும். கோடையில் இந்த வழியாகப் போனால் திருச்செங்கோட்டுப் பதிவெண் கொண்ட போர் வண்டி ஒன்றாவது ஏதாவது ஒரு கொல்லையில் வெள்ளைப் புழுதி கிளப்பிக்கொண்டு நிற்கும். அந்த வெள்ளைப் புழுதியில்தான் இந்த ஊர்களின் வயிற்றுவலி இருக்கிறது என்று சொன்னால் உள்ளூரிலேயே பலர் நம்ப மாட்டார்கள்.

பல் விஷயம் எல்லோருக்கும் தெரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களில் பலருக்கு முன்பற்களில் மஞ்சள், பழுப்புக் கறை. பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் பல்லைத்தான் பார்க்கிறார்கள் என்று கிராமத்தில் சிரித்துக்கொண்டே சொல்வார்கள், கேட்கிற பெண்ணுக்குச் சிரிப்பு வராது. முதுகு விறைத்து, கழுத்தைத் திருப்ப முடியாமல் உடம்பையே திருப்பிப் பார்க்கும் வயதானவர்களையும் காட்டுவார்கள். நிலத்தடி நீரில் உள்ள ஃப்ளோரைடுதான் காரணம் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சேதி. ஆனால் அதே ஃப்ளோரைடு, எலும்பைத் தொடுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இரைப்பையையும் குடலையும் தொட்டுவிடுகிறது என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு. பேசாததற்குக் காரணமும் உண்டு. வயிற்றுவலி யாருக்குத்தான் இல்லை?

பென்னாகரம் சாலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு குக்கிராமத்தில் ஒரு மருமகளின் கதை இது. மேட்டூர்ப் பக்கம், காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர். கல்யாணமாகி வந்தபோது பல் வெள்ளை, இன்றைக்கும் வெள்ளை. வந்த இரண்டாம் வருடத்திலிருந்து காலையில் குமட்டல், சாப்பிட்டதும் வயிறு உப்புசம், நாலு நாள் மலச்சிக்கல், ஐந்தாம் நாள் வயிற்றுப்போக்கு. களியைப் பார்த்தாலே வேண்டாம் என்று இருக்கும். பிரசவத்துக்குத் தாய்வீடு போனார். அங்கே இரண்டு வாரத்தில் எல்லாம் சரியானது. திரும்பி வந்ததும் மறுபடி அதே கதை.

“அம்மா வீட்டுக்குப் போனா மட்டும் வயிறு நல்லாருக்கும், இங்க வந்தா வலிக்கும்னா அது எந்த ஊரு வலிம்மா?” என்று மாமியார் கேட்டிருக்கிறார். ஊரும் அப்படித்தான் பேசியது. அல்சர் என்று மாத்திரை, கேஸ் என்று திரவ மருந்து, ரத்தம் கம்மி என்று இரும்புச்சத்து மாத்திரை. ஏழு வருடம் போனது. மருமகள் சொன்னது உண்மைதான், அவருக்கே அது புரியவில்லை. தாய்வீட்டில் மாறியது சமையலோ மனசோ மட்டும் அல்ல, தண்ணீரும்தான்.

இங்கே பல்லைப் பார்த்து ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. பல்லில் கறை விழுவது, பல் ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் குழந்தைப் பருவத்தில். ஏறக்குறைய எட்டு வயதுக்குள் குடித்த தண்ணீரின் முத்திரை அது. அதற்குப் பிறகு எவ்வளவு குடித்தாலும் முளைத்துவிட்ட பல்லில் அந்தக் கறை புதிதாக உண்டாகாது. ஆகவே வெளியூரிலிருந்து வாழ வந்த பெண்ணின் பல் எதையும் காட்டிக்கொடுக்காது. ‘இவளுக்குப் பல் நல்லாத்தானே இருக்கு, அப்புறம் என்ன ஃப்ளோரைடு’ என்ற கேள்வி தவறான கேள்வி.

தண்ணீருக்கு இது எங்கிருந்து வருகிறது? உரத்திலிருந்து என்று சிலர் நினைக்கிறார்கள். பாறை பாஸ்பேட்டில் ஃப்ளோரின் 3 முதல் 4 சதவீதம் வரை இருப்பது உண்மைதான், சூப்பர் பாஸ்பேட்டிலும் கொஞ்சம் உண்டு. ஆனால் இந்த மேட்டுநிலத்தில் பெரும்பங்கு பாறையினுடையது. கருங்கல்லிலும் அதன் உறவுப் பாறைகளிலும் உள்ள ஃப்ளோரைட், அபடைட், கறுப்பு மைக்கா போன்ற கனிமங்களில் ஃப்ளோரின் பூட்டிக் கிடக்கிறது. மழைநீர் பாறை வெடிப்பில் இறங்கி, மெதுவாக நகர்ந்து, வருடக்கணக்கில் பாறையோடு உரசிக் கிடக்கும்போது அது கரைந்து வெளியே வருகிறது. தண்ணீர் காரத்தன்மையோடு, சோடியம் மிகுந்து, சுண்ணாம்புச்சத்து குறைந்து இருந்தால் இன்னும் தாராளமாகக் கரையும். முப்பது நாற்பது அடித் திறந்த கிணற்றில் ஒவ்வொரு மழைக்கும் புதுத் தண்ணீர் சேர்ந்துகொண்டிருந்தது. கிணறு வற்றி, எண்ணூறு ஆயிரம் அடிக்கு போர் இறங்கியபோது, பாறையிடுக்கில் பழங்காலமாய்த் தேங்கிக் கிடந்த தண்ணீரை மேலே கொண்டுவந்தோம்.

இதில் ஒரு வஞ்சகமும் இருக்கிறது. ஃப்ளோரைடுக்கு ருசி இல்லை, மணம் இல்லை, நிறம் இல்லை. உப்புக் கரிக்கும் தண்ணீரைக் கெட்டது என்றும், வாயில் மெதுவாக இருக்கும் தண்ணீரை நல்லது என்றும் நாக்கு தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. சுண்ணாம்பு குறைந்த தண்ணீரில் சோப்பு நுரைக்கும், பருப்பு சீக்கிரம் வேகும். அந்தக் குணமுள்ள தண்ணீரில்தான் பல சமயம் ஃப்ளோரைடும் கூடுதல். பக்கத்துப் பக்கத்துக் கொல்லையில் உள்ள இரண்டு போரில் ஒன்று வரம்புக்குள் இருக்கும், மற்றொன்று இரு மடங்கைத் தாண்டும். பாறை வெடிப்பு யார் பட்டாவையும் பார்த்து ஓடுவதில்லை.

வரம்பு என்பது, இந்தியத் தர நிர்ணயப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம். வேறு நீராதாரம் இல்லாவிட்டால் 1.5 வரை அனுமதி. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் 1.5தான். இந்த எண்ணை விவசாயி கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து வேலை செய்கிறவர் நாளுக்கு இரண்டு லிட்டர் குடிப்பார். சித்திரை வெயிலில் களை வெட்டுகிறவர் ஆறு லிட்டர் குடிப்பார். லிட்டருக்கு 1.5 மி.கி. உள்ள தண்ணீரில் முன்னவர் உடம்புக்குள் போவது 3 மி.கி., பின்னவருக்கு 9 மி.கி. தண்ணீர் ஒன்று, வரம்பு ஒன்று, வயிறு வேறு. கூழும் களியும் குழம்பும் அதே தண்ணீரில்தான் வேகின்றன என்பதையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு இன்னும் ஏறும்.

இந்த நோயை நம் பக்கத்தில் முதலில் கண்டவை மாடுகள். பழைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில், பின்னர் பிரகாசம் மாவட்டத்துக்குள் வந்த பொதிலி, தர்சி, கனிகிரி வட்டாரங்களில், 1930களில் உழவு மாடுகள் கால் விறைத்து நுகத்தடிக்குப் பயன்படாமல் போவதை விவசாயிகள் கவனித்தார்கள். பிறகுதான் மனிதர்கள் பக்கம் பார்வை திரும்பியது. கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டைச் சேர்ந்த ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1937இல் இதைப் பற்றி எழுதினார்கள். இந்திய மருத்துவ இதழ்களில் ஃப்ளோரோசிஸ் என்ற சொல் இடம்பிடித்தது அப்படித்தான். அவர்கள் எழுதியதும் எலும்பையும் பல்லையும் பற்றித்தான். வயிற்றின் முறை வர இன்னும் அரை நூற்றாண்டு ஆனது.

அந்த வேலையைப் பெரிதும் செய்தவர் டெல்லி எய்ம்ஸில் இருந்த ஏ.கே.சுசீலா. ஃப்ளோரைடு மிகுந்த தண்ணீர் குடிக்கும் கிராமத்தவர்களிடம் குமட்டல், பசியின்மை, வயிற்றுவலி, வாயு, உப்புசம், மலச்சிக்கல், இடையிடையே வயிற்றுப்போக்கு ஆகியவை கூட்டமாக இருப்பதை அவரும் உடன் ஆய்வு செய்தவர்களும் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட கட்டுரைகளில் காட்டினார்கள். எண்டோஸ்கோப்பி வழியாக இரைப்பை, முன்சிறுகுடல் ஆகியவற்றின் உட்சுவரிலிருந்து துளித் தசை எடுத்து எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். ஆரோக்கியமான குடலின் உட்சுவர், நெருக்கமாக நட்ட நாற்றங்கால் மாதிரி இருக்க வேண்டும். ஒவ்வொரு செல்லின் மேலும் ஆயிரக்கணக்கில் நுண்ணிய விரல்கள். உணவின் சத்தை உறிஞ்சுவது அவைதான். பாதிக்கப்பட்டவர்களில் அந்த நாற்றங்கால் வழுக்கையாகிக் கிடந்தது. தண்ணீர் வற்றிய ஏரியின் களிமண் வெடித்துக் கிடப்பதைப் போன்ற தோற்றம் என்று அவர்கள் வர்ணித்திருக்கிறார்கள். ஏரி வெடித்ததைப் பார்த்தவனுக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

இது எப்படி நடக்கிறது என்பதும் தெரிந்துகொள்ள வேண்டியதே. தண்ணீரில் இருக்கும்போது ஃப்ளோரைடு மின்னூட்டம் பெற்ற அயனி. அதனால் செல்லின் கொழுப்புச் சுவரைச் சுலபமாகத் தாண்ட முடியாது. இரைப்பைக்குள் விழுந்ததும் அங்கே காத்திருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் அதற்கு ஒரு ஹைட்ரஜனைக் கொடுக்கிறது. இப்போது அது ஹைட்ரஜன் ஃப்ளோரைடு. மின்னூட்டம் போய்விட்டது. கதவு திறந்த வீட்டுக்குள் நுழைவதுபோல் இரைப்பைச் சுவருக்குள் நுழைந்துவிடும். உள்ளே அமிலம் குறைவு, ஆகவே அங்கே போய் மறுபடி பிரிகிறது. பிரிந்த ஃப்ளோரைடு செல்லுக்குள்ளேயே இருந்து வேலையைக் காட்டுகிறது. சுவரைக் காக்கும் கோழைப் படலம் மெலிகிறது, சுவர் எரிச்சலாகிறது. 1989இல் ஸ்வீடனில், ஆரோக்கியமானவர்களுக்கு 20 மி.கி. ஃப்ளோரைடு கலந்த கரைசலை ஒரே முறையில் கொடுத்து, இரண்டு மணி நேரத்தில் இரைப்பைக்குள் பார்த்தபோது ரத்தப் புள்ளிகளும் அரிப்பும் இருந்தன. அது கிணற்றுத் தண்ணீரின் அளவல்ல, பல மடங்கு செறிவு. ஆனால் வழி இதுதான் என்பதற்கு அது சாட்சி.

வெறும் வயிற்றில் குடித்தால் ஏறக்குறைய முழு ஃப்ளோரைடும் உடம்பில் சேரும். சாப்பாட்டோடு, அதிலும் பால், தயிர், மோர் போன்ற சுண்ணாம்புச்சத்துள்ள உணவோடு போனால் ஒரு பகுதி அந்தச் சுண்ணாம்போடு கட்டிப்பட்டு வெளியேறிவிடும். விடியற்காலை எழுந்து வெறும் வயிற்றில் இரண்டு சொம்பு போர் தண்ணீர் குடிப்பதை ஆரோக்கியம் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். நல்ல தண்ணீர் உள்ள ஊரில் அது சரி.

‘கேஸ்’ மாத்திரை போட்டால் கொஞ்ச நேரம் நன்றாக இருக்கிறதே என்பார்கள். இருக்கும். அமிலம் தணிந்தால் மேலே சொன்ன கூட்டும் குறையும், எரிச்சலும் அடங்கும். மறுபடி தாகம் எடுக்கும், மறுபடி அதே சொம்பு. வருடக்கணக்கில் மாத்திரைக்கும் தண்ணீருக்கும் நடுவே வயிறு ஊஞ்சலாடுவது இப்படித்தான்.

குடல் வழுக்கையானால் அடுத்து வருவது ரத்தசோகை. சாப்பிடுகிறோம், மாத்திரையும் விழுங்குகிறோம், சத்து உள்ளே ஏறவில்லை. கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தது சுசீலாவின் குழு. ஃப்ளோரைடு இல்லாத தண்ணீருக்கு மாற்றி, ஃப்ளோரைடு மிகுந்த உணவுகளை விலக்கி, சுண்ணாம்பும் இரும்பும் வைட்டமின்களும் உள்ள உணவைச் சேர்த்தபோது ஹீமோகுளோபின் ஏறியது, பிறந்த குழந்தைகளின் எடையும் கூடியது என்று 2010இல் எழுதினார்கள். பென்னாகரத்துப் பெண்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும் கிராமச் செவிலியர் ஒவ்வொருவருக்கும் இது தெரிந்திருந்தால் நல்லது.

இதிலுள்ள ஒரே ஆறுதல், வயிறு மன்னிக்கக்கூடியது. எலும்பில் படிந்ததை எளிதில் இறக்க முடியாது. பல் கறை போகாது. ஆனால் குடலின் உட்சுவர் சில நாள்களுக்கு ஒரு முறை தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் பயிர். தண்ணீரை மாற்றினால் பெரும்பாலோருக்குப் பத்துப் பதினைந்து நாளில் வித்தியாசம் தெரிகிறது. இந்த இதழுக்கும் அடுத்த இதழுக்கும் உள்ள இடைவெளிதான். அந்த மருமகளுக்குத் தாய்வீட்டில் நடந்ததும் அதுவே. ஒன்றை மட்டும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மேட்டுநிலத்து வயிற்றுவலி எல்லாம் ஃப்ளோரைடு ஆகிவிடாது. ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமியால் வரும் குடற்புண், பித்தப்பைக் கல், இன்னும் மோசமானவையும் உண்டு. மலம் கறுத்துப் போனாலோ, எடை இறங்கினாலோ, சாப்பாடு இறங்க மறுத்தாலோ தண்ணீரை மாற்றிப் பார்த்துக்கொண்டு உட்காராமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

பென்னாகரம் தாண்டி மலைச்சரிவில் இறங்கினால் ஒகேனக்கல். பாறைகளுக்கு நடுவே காவிரி புகைந்து விழுகிறது. எண்ணெய்க் குளியல், பரிசல், மீன் வறுவல் வாசனை என்று சுற்றுலாக் கூட்டம் ஒரு பக்கம். அதே ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த தண்ணீர் மேட்டுக்கு ஏறி இரண்டு மாவட்டங்களுக்கும் போகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் அதிகாரபூர்வப் பெயரிலேயே ஃப்ளோரோசிஸ் என்ற சொல் இருக்கிறது. ஜப்பானிய நிதி நிறுவனத்தின் கடனோடு, ஏறத்தாழ 1,929 கோடி ரூபாயில் கட்டப்பட்டது. 2008 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியபோது கர்நாடகத்தில் எதிர்ப்புக் கிளம்பியது. 2013 மே மாதம் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. மூன்று நகராட்சிகள், 17 பேரூராட்சிகள், 6,755 ஊரகக் குடியிருப்புகள் என்பது திட்டத்தின் எல்லை. இரண்டாம் கட்டமும் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

தண்ணீர் வந்த ஊர்களில் வித்தியாசம் பேச்சிலேயே தெரிகிறது. ‘ஒகேனக்கல் தண்ணி’, ‘போர் தண்ணி’ என்று இரண்டு பெயர், இரண்டு குடம். ஆனால் பல ஊர்களில் ஒரே புகார். ஆற்று நீர் போதாத நாளில், அல்லது மோட்டார் நின்ற நாளில், அதே மேல்நிலைத் தொட்டியில் உள்ளூர் போர் தண்ணீரையும் ஏற்றிக் கலந்துவிடுகிறார்கள். குழாயில் வருவது காவிரியா, கலப்பா என்று குடிக்கிறவருக்குத் தெரியாது. கலந்த பிறகு ருசியும் காட்டிக்கொடுக்காது. இதைக் கேட்க வேண்டிய இடம் கிராமசபை. தொட்டிக்கு எந்த நாளில் எந்தத் தண்ணீர் ஏறுகிறது என்று தொட்டிச் சுவரிலேயே எழுதி வைக்கச் சொல்வது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல.

இன்னொரு ஓட்டை, வீட்டில் அல்ல, கொல்லையில் இருக்கிறது. வீட்டில் ஒகேனக்கல் தண்ணீர் குடிப்பவர் காலை ஆறு மணிக்குக் கொல்லைக்குப் போனால் மாலைவரை மோட்டார் ரூம் தண்ணீர்தான். பன்னிரண்டு மணி வெயிலில் குழாயில் கை வைத்துக் குடிப்பது, கூலி ஆட்களுக்கு அதையே குடத்தில் பிடித்து வைப்பது. நாளின் பெரும்பகுதித் தண்ணீர் அங்கேதான் உள்ளே போகிறது. அந்த மருமகளின் வீட்டில் இப்போது கொல்லைக்கும் ஒரு தனித் தவலை போகிறது. முதலில் முணுமுணுத்தவர் மாமியார். பிறகு தன்னுடைய உப்புசமும் குறைந்ததைக் கண்டு, “ஏம்மா, தவலைய எடுத்துக்கிட்டியா?” என்று வாசலிலேயே கேட்கிறவரும் அவர்தான்.

இந்த மண்ணின் சமையலில் நல்லதும் இருக்கிறது, கவனிக்க வேண்டியதும் இருக்கிறது. ராகியில் சுண்ணாம்புச்சத்து அதிகம், நூறு கிராமில் சுமார் 340, 360 மி.கி. அரிசிக்குப் பக்கத்திலேயே வர முடியாது. களியோடு மோரும் கீரையும் சேர்த்துச் சாப்பிட்ட பழைய பழக்கம் சும்மா வந்ததல்ல. புளியைப் பற்றி ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் ஒரு சோதனை செய்தார்கள். சிறுவர்களுக்கு நாளொன்றுக்கு 10 கிராம் வீதம் 18 நாள் புளி கொடுத்தபோது சிறுநீர் வழியே வெளியேறும் ஃப்ளோரைடு கூடியது. தமிழ்நாட்டின் புளிச் சந்தைகளில் பெரியவற்றை வைத்திருக்கும் தருமபுரிக்கு இது இனிப்பான சேதி. ஆனால் புளிக்குழம்பை நம்பிக் கெட்ட தண்ணீரைக் குடிக்கலாம் என்று அர்த்தம் இல்லை. வைட்டமின் சி உள்ள பழங்களையும் உணவில் சேர்க்கச் சொல்கிறார்கள். அதியமான் ஆண்ட தகடூர் இந்த தருமபுரிதான், நெல்லிக்கனியை இங்கே யாரும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

தவிர்க்க வேண்டியது கருப்பு உப்பு. வட இந்தியச் செரிமானப் பொடிகளிலும், லெமன் சோடாவிலும், பொட்டலச் சிற்றுண்டிகளிலும் தூவுவது. அதில் ஃப்ளோரைடு மிக அதிகம் என்று ஃப்ளோரோசிஸ் மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். வயிற்று உப்புசத்துக்குத்தான் ஜனங்கள் அதைத் தேடிப் போகிறார்கள் என்பது வேடிக்கை. பால் ஊற்றாத கடுந்தேநீரும் அப்படியே, தேயிலைச் செடி மண்ணிலிருந்து ஃப்ளோரைடை இழுத்து இலையில் சேர்த்துவைக்கும் செடி.

வாசகர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் ஒன்று: காய்ச்சிக் குடித்தால் போதுமா? போதாது, கூடாது. கிருமி சாகும், ஃப்ளோரைடு சாகாது. தண்ணீர் ஆவியாகி வற்ற வற்ற மீதத்தில் செறிவு கூடும். மண்பானை, மெழுகுவர்த்தி வடிகட்டி, செப்புக்குடம் எதுவும் பயன் தராது. ஆர்.ஓ. இயந்திரம் நீக்கும், சவ்வை உரிய காலத்தில் மாற்றினால். அது ஒதுக்கும் தண்ணீரைக் குடிக்கவோ மாட்டுக்கு ஊற்றவோ கூடாது, அதில்தான் எல்லாம் சேர்ந்திருக்கும். செயலூட்டிய அலுமினா நிரப்பிய வடிகட்டியும் உண்டு, அதை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். படிகாரமும் சுண்ணாம்பும் கலந்து தெளியவைக்கும் நல்கொண்டா முறையை நாக்பூர் தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் 1970களில் உருவாக்கியது. அளவு தெரிந்தவர் மேற்பார்வையில் செய்ய வேண்டியது, கண்ணளவில் படிகாரம் போட்டால் அலுமினியம் தங்கிவிடும்.

எல்லாவற்றையும் விட எளியது மழை. மழைநீரில் ஃப்ளோரைடு கிட்டத்தட்ட இல்லை. தருமபுரிக்கு ஆண்டு மழை சுமார் 850 மி.மீ. ஐந்நூறு சதுர அடி ஓட்டுக்கூரை அல்லது மொட்டை மாடியில் விழுவது ஏறத்தாழ 39,000 லிட்டர். வீணானது போக 30,000 தேறும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளுக்கு 25 லிட்டர் என்றால் வருடத்துக்குத் தேவை 9,125 லிட்டர். முதல் மழையை வெளியே விட்டு, மூடிய தொட்டியில், வெளிச்சம் படாமல் வைத்தால் போதும்.

மாட்டுக்கொட்டகையையும் மறக்கக் கூடாது. கறவை மாடு நாளொன்றுக்கு ஐம்பது அறுபது லிட்டர் குடிக்கும். தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகும் மாடு, பல் தேய்ந்து கறை படிந்த கன்று, காரணமில்லாமல் நொண்டும் காளை என்றால் கால்நடை மருத்துவரிடம் ஃப்ளோரைடையும் சொல்லிக் கேட்க வேண்டும். தாது உப்புக் கலவை வாங்கும்போது தீவனத் தரம் என்று அச்சிட்டதை மட்டும் வாங்க வேண்டும். உரத்துக்கான பாஸ்பேட் மலிவாகக் கிடைக்கிறது என்று மாட்டுக்குக் கலப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மாவட்டத்தின் தெற்கே, சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் வாணியாற்றுப் படுகை பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் இருக்கிறது. மலையோர ஊர், கொஞ்சம் பசுமை கூடுதல். இங்கே நிலத்தடி நீரின் ஃப்ளோரைடை அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் அளந்திருக்கிறார்கள். தடுப்பணையின் அருகே, மழைநீர் இறங்கும் கிணறுகளைச் சுற்றி, ஃப்ளோரைடு குறைவதைப் பதிவு செய்தார்கள். பழைய திறந்த கிணறுகள் இங்கே நிறைய. பலவற்றில் முள்செடியும் குப்பையும் கிடக்கின்றன. ஓடை நீரை மணல், ஜல்லி வழியாக வடித்து அந்தக் கிணற்றுக்குள் விட்டால் பாறைக்குள் புதுத் தண்ணீர் இறங்கும், பழைய தண்ணீர் நீர்க்கும். பாறையை மாற்ற முடியாது, பாறையோடு தண்ணீர் இருக்கும் காலத்தைக் குறைக்கலாம். அரசு போர் போட மானியம் கொடுத்த அக்கறையில் பாதியைக் கிணறு தூர்வாரவும் கொடுத்திருக்கலாம்.

தருமபுரியில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகம் இருக்கிறது. சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு, அதே தண்ணீரில் இரண்டு முறை கழுவி ஒரு லிட்டர் பிடித்துக்கொண்டு போக வேண்டும். கண்ணாடி பாட்டில் வேண்டாம், ஃப்ளோரைடு கண்ணாடியோடு சேரும். பாட்டிலில் ஊர், சர்வே எண், போரின் ஆழம், பிடித்த தேதி எழுதி ஒட்ட வேண்டும். கோடை முடிவில் ஒரு முறை, ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறை. வீட்டுக் குழாய், கொல்லை மோட்டார், மாட்டுத் தொட்டி மூன்றிலும் தனித்தனியாக. அந்த மருமகளின் வீட்டுக்காரர் போன கோடையில் மூன்று பாட்டிலை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பேருந்தில் போனார். வீட்டுக் குழாய் 0.6, கொல்லை மோட்டார் 2.8. மாட்டுத் தொட்டிக்கும் கொல்லை மோட்டாருக்கும் ஒரே போர்தான், ஆகவே அதுவும் 2.8. சீட்டை மோட்டார் ரூம் கதவில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார், கூலிக்கு வருகிறவர்களும் படிக்கட்டும் என்று.